நான் தேய்த்த கரிச்சட்டி

ஆகஸ்ட் 14, வியாழன்

மகள் நஸ்ரின் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பெரிய குழிக்கண்ணாடி வெயிலை ஓரிடத்தில் குவிக்கிறது. அங்கே கரி பூசிய சட்டியில் தண்ணீர் வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து, குவிந்த வெயிலை அளக்கிறாள். நாளை அவள் படிக்கும் கெம்பஸில் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

இன்று நேற்றைய சூட்டில் பாதிகூட ஏறவில்லை. கண்ணாடியைத் திருப்பித் திருப்பி அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்குக் காரணம் உடனே விளங்கியது. காலையில் அந்தச் சட்டியைச் சாம்பல் போட்டுப் பளபளக்கத் தேய்த்தவள் நான்தான். கரிப்பாத்திரத்தைக் கண்டால் கை சும்மா இராது, கொன்வென்ட் பள்ளி விடுதியில் பழகியது. மினுங்கிய சட்டி வெயிலைத் திருப்பி எறிந்திருக்கிறது.

 மதிய லுஹர் தொழுதுவிட்டுத்தான் என் பிழையைச் சொன்னேன்.

"சட்டியில முகம் பாக்கவா உம்மா தேச்ச நீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிச்சது போதும். குப்பி விளக்கக் கொண்டு வா."

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் புகையில் சட்டியின் அடியை நானே கறுப்பாக்கினேன். சற்று நேரத்தில் நேற்றைய சூடு வந்துவிட்டது. கணக்கை இரவே எழுதி முடித்துவிட்டாள்.

என் நகக்கண்களில் இன்னும் கரி இருக்கிறது. இருக்கட்டும், காலையில் தேய்க்கலாம்.