அந்தப் பாட்டிலில் இருந்தது உன் டோனர் அல்ல

சென்னிமலை முருகன் துணை

வடவள்ளி, கோயம்புத்தூர்
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் மனோஜும் அண்ணி வர்ஷினியும் முருகன் அருளால் சுகம். சண்டிகரில் நீயும் சுகம்தானே என்று வழக்கத்துக்காகக் கேட்க இந்த முறை கை வரவில்லை, நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். கிணத்துக்கடவு தோப்பில் வெள்ளை ஈ இன்னும் விடவில்லை, ஓலையெல்லாம் கரி பூசினது போல இருக்கிறது, மனோஜ் வாரம் இரண்டு நாள் போய் மருந்தடிக்கிறான். வர்ஷினி காலையில் என்னைக் கேட்காமலே காப்பி கலக்கிவிடுகிறாள், சர்க்கரை தூக்கல், நான் இன்னும் சொல்லவில்லை. வெயில் மாசி முடிவதற்குள்ளேயே ஏறிவிட்டது. இதெல்லாம் ஃபோனில் சொல்லக்கூடிய சமாச்சாரம்தான், இதற்காக நான் பேனா எடுக்கவில்லை என்று உனக்கே தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடியோவை ஏன் போடமாட்டேன் என்கிறாய் என்று கேட்டதற்கு, பார்த்தா நீ பயந்துக்குவம்மா, காலேஜுக்கே மாஸ்க் போட்டுட்டுத்தான் போறேன், பசங்க எதுக்கு மேடம்னு கேக்கறாங்க, சளின்னு பொய் சொல்றேன் என்றாய். இரண்டு வருஷமாக அடங்கியிருந்த பரு அண்ணன் கல்யாணத்துக்கு வந்து போனதிலிருந்து கன்னம், தாடை எல்லாம் சீழ் கோத்து எரிகிறது, டாக்டர் கொடுத்த, முகம் துடைக்கிற டோனரைத்தான் தவறாமல் போடுகிறாய், அதுவே கேட்காததால் அடுத்த வாரம் திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை செய்து பலமான மாத்திரை ஆரம்பிக்கப் போகிறார்கள் என்றாய். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாய், நீ சொல்ற மாதிரி நான்தான் ஒழுங்கா மூஞ்சி கழுவறதில்லையோ என்னமோ, இப்பெல்லாம் அஞ்சு தடவை தேச்சுக் கழுவறேன் என்று. அந்த வார்த்தைதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது. லோகப்பிரியா, தப்பு உன்னுடையது அல்ல. நீ ஏழு வாரமாக முகத்தில் போட்டுக்கொண்டிருப்பது டோனரே அல்ல. அதைக் கொட்டிவிட்டு வேறொன்றை ஊற்றி வைத்தவள் நான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், நீ வளையல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தபோது உன் மேசையைத் துடைத்தேன். புதிதாகப் பிரித்த பழுப்பு நிறப் பாட்டில் இருந்தது. எழுத்துப் பொடியாக இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன், கான்வென்ட்டில் படித்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன. சாலிசிலிக் ஆசிட் இரண்டு சதவீதம் என்று போட்டிருந்தது. ஆசிட் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. நாளை மறுநாள் அண்ணன் பக்கத்தில் நின்று இணைச்சீர்ச் சடங்கு செய்ய வேண்டிய பெண், ஊரும் உறவும் உன் முகத்தைத்தான் பார்க்கும், இவள் ஆசிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாளே என்று பதறிவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ விளக்கம் சொல்லுவாய், நான் தோற்க வேண்டியிருக்கும். கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். மாடித் தொட்டியில் இருக்கும் பன்னீர் ரோஜாவைக் காய்ச்சி, படிகாரம் கொஞ்சம், பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டி, பழைய அளவுக்கே நிரப்பி மூடி வைத்தேன். எங்கள் கான்வென்ட் ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி சிஸ்டர் சொன்ன முறை அது, எலுமிச்சம்பழம் மட்டும் என் யோசனை.

அன்று சாயங்காலமே நீ கேட்டாய், என்னம்மா இதுல ரோஜா வாசம் அடிக்குது என்று. உன் தலைக்கு வாங்கிய பூவைப் பக்கத்தில் வைத்திருந்தேன், அந்த வாசம் என்றேன். சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்னாய் என்று உன்னை ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்கவைத்தவள் நான். சண்டிகர் திரும்பிப் போய்ப் பத்து நாள் கழித்து எரியுதும்மா என்று நீ சொன்னபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், விடாமல் போடு என்றேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

உண்மை எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நீ பேசிய மறுநாள் திங்கட்கிழமை துணி மடித்து வைக்கப் போனேன், வர்ஷினியின் மேசையில் அதே பாட்டில் நின்றது. அவள் முகம் பளிங்காக இருக்கிறது. புதிதாக வந்த மருமகளிடம் போய் எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடு என்று கேட்க மனம் வரவில்லை. முக்கு மருந்துக்கடை மருதாசலத்திடம் போனேன், உங்கள் அப்பா இருந்த காலத்திலிருந்து நமக்கு மாத்திரை கொடுக்கிறவர். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இப்படிச் செய்துவிட்டாள் என்று ஆரம்பித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏனுங்கம்மா, அந்தம்மா ஆசிட்னு பேரைப் பாத்துப் பயந்துபோட்டாங்களா, புழிஞ்ச எலுமிச்சம்பழம் என்னனு நெனச்சாங்களாமா, டாக்டரு அளந்து குடுத்த ஆசிட்டக் கீழ ஊத்திப்போட்டு அளக்காத ஆசிட்டப் புள்ள மூஞ்சில பூசியுட்டிருக்கறாங்களேங்க என்றார். அந்த டோனர் துவாரத்தில் அடைக்கிற எண்ணெயையும் அழுக்கையும் இளக்கி எடுப்பதாம், பரு வருகிற தோலுக்கு அளவாகப் போட்டால் நல்லதாம். வீட்டில் காய்ச்சின தண்ணீர் ஒரு வாரத்தில் கெட்டுவிடுமாம், ஏழு வாரம் ஆகிவிட்டது என்றேன். பிறகு, அந்தம்மா படிச்சவங்களுங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதானுங்க, படிக்காதவங்களா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செஞ்சிருப்பாங்க என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன் கண்ணு.

அன்று மத்தியானமே உனக்கு ஃபோன் செய்து அந்தப் பாட்டிலைத் தொடாதே என்றேன். நீ சிரித்தாய், டாக்டர் சொன்னதத்தாம்மா போடறேன், நீ கம்முனு இரு என்றாய். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. நேற்றும் இரண்டு தடவை கூப்பிட்டு மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கேள். அந்தப் பாட்டிலை இனி ஒரு சொட்டும் போடாதே, ஆனால் கொட்டவும் கொட்டாதே, டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டு. உள்ளே என்ன இருந்தது என்று நான் மேலே எழுதியிருக்கும் பட்டியலை அப்படியே படித்துக் காட்டு. சரியான டோனர் பயனில்லாமல் போனது என்று நினைத்துத்தான் அவர் அந்த மாத்திரையை எழுதுகிறார். கேட்ட பிறகும் மாத்திரை வேண்டும் என்றால் அவர் சொல்கிறபடி நட, அதில் நான் குறுக்கே வரமாட்டேன். அதுவரை தேய்த்துக் கழுவுவதை நிறுத்து. பரு அழுக்கால் வருகிறது, சோம்பேறிப் பெண்களுக்கு வருகிறது என்று சிஸ்டர் எங்களுக்குச் சொன்னதை, உன் பதினாலாவது வயதிலிருந்து நான் உனக்குச் சொல்லி வந்தேன். எனக்கும் அந்த வயதில் நெற்றி நிறைய இருந்தது. நான் சோம்பேறியாக இருந்ததே இல்லை. அப்படியிருந்தும் அதை நம்பினேன்.

இதை இன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தபாலாபீசில் கேட்டால் சனிக்கிழமை சேரலாம், திங்களும் ஆகலாம் என்கிறார்கள். திங்கள் என்றால் நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு கதவடியில் கிடக்கும். ஆகவே பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். எனக்கு அது வராது, மனோஜ் தோப்புக்குப் போய்விட்டான். வர்ஷினியைக் கூப்பிடப் போகிறேன். ஃபோட்டோ எடுக்கிறவள் படிக்காமல் இருக்கமாட்டாள். படிக்கட்டும். அவளிடமே அந்த டோனரை எத்தனை சொட்டு, எப்போது போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் முகம் தெளிய வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். எனக்குப் பதில் எழுத அவசரம் இல்லை, கோபம் தீர்ந்த பிறகு எழுது. டாக்டரிடம் மட்டும் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே ஃபோனில் பேசிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சுலோச்சனா பாலுசாமி