உம் கொட்ட ஒரு ஆள்

அன்புள்ள மாமாவுக்கு, பெங்களூர்லேந்து வெள்ளையம்மா கும்பிட்டு எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி கம்மியாச்சா? நான் சொல்லச் சொல்ல ஆர்த்தி பாப்பாதான் எழுதுது. நான் பெருக்குற ஆராய்ச்சிக் கூடத்துல அது படிக்குது.

நேத்து எங்க ரெண்டு பேர் தலையிலயும் ஒயர் வச்ச குல்லா மாட்டி, என்னைக் கத சொல்லச் சொன்னாங்க. பௌர்ணமிக்கு நம்ம எருமை கயித்த அறுத்துக்கினு ஜனங்களோட மலைய சுத்தி வந்துச்சே, அதச் சொன்னேன். அதுக்குக் கொழுப்பு ஜாஸ்தி, சுண்டல் கடையிலயும் வாய வச்சிதுல்ல? பாப்பா கல்லு மாதிரி உக்காந்துருந்துது.

"உம் கொட்டு பாப்பா, இல்லன்னா கத நவுராது"ன்னேன்.

"சத்தம் போட்டா கம்ப்யூட்டர்ல ஓடுற மூளைக் கோடு கலங்கிடும்க்கா"ன்னுது.

அப்புறம் பாப்பாவ உம் கொட்ட வுட்டாங்க. கம்ப்யூட்டர்ல எங்க ரெண்டு பேர் மூளைக் கோடும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குச்சாம்.

நம்ம புள்ள மணிவேலு எருமை பின்னாலயே ஓடுனதையும் சொன்னேன் மாமா. அழுகை வரல. அவன் தவறிப் போனதுலேந்து எனக்கு எதுவுமே வரல. நான் கூப்புட்டா நீங்களும் போன எடுத்துட்டு சும்மாவே இருக்கீங்க.

யாராச்சும் வந்தா வடகம் குடுத்தனுப்புங்க. பாப்பாவுக்கு கிளாஸாம், கெளம்புது. ஞாயித்துக்கெழம கூப்புடுறேன். கதைய நான் சொல்றேன். நீங்க உம் மட்டும் கொட்டுங்க, போதும்.

வெள்ளையம்மா