எட்டு நாள் கழற்றி வைத்த தலையணை

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் தன் இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன மாதம் நீங்கள் கண்மூடுவதற்கு முன் கடைசியாகத் தொட்டுப் பார்த்த குழந்தை. அதன் தொடைகளுக்கு நடுவே நீங்கள் கட்டிவிட்ட சின்ன இலவம்பஞ்சுத் தலையணை.

என் மகள் பிறந்த எட்டாம் நாள், பெரியாஸ்பத்திரி நர்ஸாக எங்கள் முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்தீர்கள். குழந்தையை மல்லாக்கப் போட்டு, முழங்கால்களை மடக்கி மெல்ல விரித்தீர்கள். இடது இடுப்புக்குள் ஏதோ நழுவியது. என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னீர்கள். பிறகு தொடைகளுக்கு நடுவே இதே மாதிரி ஒரு தலையணையை வைத்துக் கட்டினீர்கள்.

"தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்துல நிக்கல பாரு. இப்பவே கட்டினா தானா உக்காந்துக்கும். நடக்கறப்ப கண்டுபிடிச்சா ஆயுசுக்கும் தாங்கித் தாங்கித்தான் நடப்பா. துணி மாத்தற நேரம் தவிர இதக் கழட்டக் கூடாது, ஆமா!"

மூன்று மாதம் ஒழுங்காகத்தான் இருந்தேன்; எக்ஸ்ரேயிலும் எலும்பு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. ஆடித் திருவிழாவுக்கு வீராம்பட்டினத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டுகிறவள் என் சித்தி. காலை நீவி இழுத்து, சேர்த்துத் துணி சுற்றினால்தான் அவளுக்குக் குழந்தை குழந்தையாகத் தெரியும்.

"இன்னாடி இது, பொட்டப்புள்ளையத் தவக்களையாட்டம் கட்டி வெச்சிருக்க? தேருக்கு வர சனமெல்லாம் நொண்டின்னு பேசும்டி!"

அந்த ஒரு சொல்தான். அவள் கழற்றவில்லை அக்கா, நானே கழற்றினேன். எட்டு நாள் என் மகள் கால் சேர்த்துக் கட்டப்பட்டு, பார்க்க அழகாகக் கிடந்தாள். ஊர் திரும்பும் அன்று தலையணையை மறுபடி கட்டிவிட்டேன்.

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி விலகியிருந்தது. பெரியாஸ்பத்திரியின் பிரெஞ்சுக்கார டாக்டர் உங்களைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் உங்கள் முகம் தெரிந்தது. வெளியே வந்து கேட்டீர்கள்.

"நடுவுல கழட்டினியாடி?"

"இல்லக்கா."

உடனே நம்பிவிட்டீர்கள். "அப்ப நான் கட்டினதுலதான் பிசகு" என்றீர்கள். இடுப்பிலிருந்து மாவுக்கட்டு போட்டு நான்கு மாதம் கிடந்தாள் குழந்தை. வியர்வையில் புண்ணாகி அவள் வீரிட்டபோதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து வந்து, அவள் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனீர்கள். ஒருநாள்கூட சொல்ல வாய் வரவில்லை. பாவி நான்!

இரண்டு வயதில் அவள் நடந்தபோது வாசலில் நின்று அழுதீர்கள். "என் கை பண்ணின தப்ப அம்மன் மன்னிச்சிட்டா" என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் வருவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயம். இப்போது அவளுக்கு ஐந்து வயது, தெருவெல்லாம் ஓடுகிறாள். நான் மட்டும் இன்னும் அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண் இன்று என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா வீட்டுக்குப் போறேங்க்கா. நாலு நாள் இதக் கழட்டி வெச்சா இன்னா ஆயிடும்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டு நாள், எக்ஸ்ரே, நான் சொன்ன பொய், எல்லாம். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது அந்த நர்ஸம்மாவுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

நீங்கள் சரியாகத்தான் கட்டினீர்கள் அக்கா.