தங்கைக்கு ஓர் ஊர்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

சம்பாவுக்கு விதைநெல் ஊறப் போட்டாயிற்று. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வயல்தான் எனக்கு மேலதிகாரி. அதுவும் லேசில் லீவு கொடுக்காத அதிகாரி.

கை கழுவிக்கொண்டு வருவதற்குள் டொரண்டோவிலிருந்து தங்கை பிரகதீஸ்வரியின் போன். போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். மாப்பிள்ளை மதிவாணனும் இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். இனிமேல் நவம்பர் பிறந்தால் குளிர் இல்லாத ஏதாவது நாட்டுக்குப் போய்விட்டு மார்ச்சில் திரும்புவதாக முடிவாம். அங்கே வயதானவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். போர்ச்சுகல், மால்டா, பினாங்கு என்று மூன்று இடம் சொன்னாள்.

"நீங்களே பாத்து எது நல்லதுன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நாலாவதாக ஒன்று சொல்வாள் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். சொல்லவில்லை. ஏன், நம் திருக்காட்டுப்பள்ளியில் பனிக்கட்டியா கொட்டுகிறது?

19 ஆகஸ்ட்

கோபம் இன்னும் அடங்கவில்லை. பிறந்த வீடு அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லையா?

1 செப்டம்பர்

கீழ் அறையை ஒழித்துவிட்டு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க ஆள் விட்டிருக்கிறேன். ஞானாம்பாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாருக்குங்க இதெல்லாம்?"

"நமக்கு வயசாகலையா?"

"கைப்பிடிய ஏன் வலது பக்கம்தான் வெக்கணும்னு மேஸ்திரிகிட்ட சண்டை போட்டீங்க?"

நாற்பது வருஷம் கூட இருந்தவளிடம் எதையும் மறைக்க முடிவதில்லை.

"உங்க தங்கச்சியக் கூப்பிட்டீங்களா?"

"பொறந்த வீட்டுக்கு வர்றதுக்கு அழைப்பு ஒரு கேடா? அவ என்ன விருந்தாளியா?"

"அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"நீ சும்மா இரு."

சும்மா இருந்துவிட்டாள். அண்ணன் வாயைத் திறக்காமல் அண்ணி மட்டும் அழைத்தால் அது வேறு மாதிரி அர்த்தமாகிவிடும் என்று அவளுக்கும் தெரியும். நான் சொன்னதில் என்ன தப்பு? கூப்பிட்டால்தான் வருவாள் என்றால் அவள் வெளியாள் என்று நானே முத்திரை குத்தியது போல ஆகிவிடாதா? தானாக வரட்டும். வந்து அறையைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

15 செப்டம்பர்

காலையில் வீடியோ காலில் வந்தாள். முகம் வாடியிருந்தது. மால்டாவில் குளிர்காலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகுமாம். பினாங்கில் இட்லி கிடைக்கும், தமிழ் பேசலாம், ஆனால் மாப்பிள்ளைக்குப் புழுக்கம் ஆகாது, இளைப்பு வந்துவிடும். மிச்சம் போர்ச்சுகலின் தெற்குக் கடற்கரை.

"அங்க எப்படி இருக்கும்?" என்றேன்.

"நம்ம ஊரு மார்கழி மாதிரி இருக்குமாம்ணே."

அதைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நானும் பேசவில்லை. இரண்டு பேர் வாயிலும் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

பிறகு அவளே கேட்டாள்: "கீழ் ரூம்ல இப்ப என்னண்ணே வெச்சிருக்கீங்க?"

அறையில் இன்றுதான் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. நேரில் வந்து அசந்துபோக வேண்டியவளுக்கு இப்போதே சொல்லிவிட்டால் என்ன ருசி? "நெல்லு மூட்டைதான், வேற என்ன. கால் வைக்க எடமில்ல" என்றேன்.

"ஓ" என்றாள். பிறகு, "சரிண்ணே" என்றாள்.

6 அக்டோபர், ஞாயிறு

நடவு பாதி முடிந்தது. வரப்பில் நின்றபடியே பேச வேண்டியதாயிற்று. முடிவாக எந்த ஊர் என்று கேட்டாள். "நாளைக்குள்ள சொல்லணும்ணே. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் உலகத்தையே சுற்றிவிட்டாள், பிறந்த ஊர் மட்டும் வாயில் வரவில்லை.

"போர்ச்சுகலே எடுத்துக்கம்மா. உங்களுக்கெல்லாம் அதுதான் சரி."

இல்லைண்ணே, நம்ம வீட்டுக்கே வந்துடறோம் என்று அடம்பிடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் எதற்கெல்லாம் அடம்பிடித்தவள்!

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

7 அக்டோபர்

ஏன் அப்படிச் சொன்னேன்?

2 நவம்பர்

தீபாவளி முடிந்து இரண்டு நாளாக ஞானாம்பாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உடைத்துவிட்டாள். பண்டிகையன்று பிரகதி அவளிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். அழுதிருக்கிறாள்.

அவள் சொன்னதை ஞானாம்பாள் அப்படியே சொன்னாள்: "அம்மா போனப்ப வீடு, நிலம் எல்லாத்தையும் அண்ணனுக்கேனு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன் அண்ணி. மனசாரத்தான் போட்டேன். ஆனா இப்ப நானா பொட்டியத் தூக்கிட்டு வந்து மாசக்கணக்குல உக்காந்தா, பாகம் கேக்க வந்திருக்கானு ஊரு பேசும். அண்ணனுக்கே தோணும். அவரு ஒரு வார்த்தை வான்னு சொல்லியிருந்தா தலை நிமிந்து வந்திருப்பேன். அதுக்குத்தான் எந்த ஊரு, எந்த ஊருனு அவருகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பாதிச் சோற்றோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டேன்.

எனக்குத் தோணுமாம்! எனக்கா தோணும்? அடிப் பைத்தியக்காரி, அந்தப் பத்திரத்த நான் திரும்ப எடுத்துக்கூடப் பாக்கலையே. நீ போட்ட கையெழுத்து எனக்கு ஞாபகமே இல்ல. உனக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கு, வாசப்படி ஏறும்போதெல்லாம் ஞாபகம் இருந்திருக்கு.

மால்டா எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கனடாவில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், ஐரோப்பாவில் எந்த ஊர் நல்லது என்று திருக்காட்டுப்பள்ளிக்காரனிடம் கேட்கிறாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

3 நவம்பர், ஞாயிறு

பேசிவிட்டேன். விடிந்ததும் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, ஞானாம்பாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். "பிரகதி, நீயும் மாப்பிள்ளையும் நம்ம வீட்டுக்கு வந்து இருக்கணும்மா. கீழ் ரூமு உனக்குத்தான் செஞ்சு வெச்சிருக்கேன். நெல்லு மூட்டைன்னது பொய்."



"இப்ப சொல்றீங்களேண்ணே" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு வீடு எடுத்துக் கையெழுத்தாகிவிட்டதாம். அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். மாப்பிள்ளை அங்கே டாக்டர் முதற்கொண்டு ஏற்பாடு செய்துவிட்டார். "நீங்க சொன்னீங்கன்னுதாண்ணே எடுத்தோம்." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. இருந்திருந்தால் தேவலை.

"முடிஞ்சா ஒருதரம் வந்து பாத்துட்டுப் போறோம்."

பார்த்துவிட்டுப் போவதாம். இந்த வீட்டில் பிறந்தவள் அவள்.

20 டிசம்பர்

போட்டோ அனுப்பியிருந்தாள். ஸ்வெட்டர் இல்லாமல் பால்கனியில் நிற்கிறாள், பின்னால் ஆரஞ்சு மரம். முகம் தெளிந்திருக்கிறது. கை வலி இல்லையாம். நல்ல ஊரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

14 ஜனவரி 2025, பொங்கல்

கதிர் பழுத்து நிற்கிறது. தை பாதியில் அறுப்புக்கு மிஷின் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு வீரையன் நேற்றே கரும்பும் பானையும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு திருவையாற்றில் தங்கைக்குப் பொங்கல் வரிசை வைக்கப் போனான். "வர்றீங்களாண்ணே, சும்மா ஒரு நடை?" என்று கூப்பிட்டான். முதுகு வலி என்றேன்.

மத்தியானம் பிரகதியின் போன். அங்கே குக்கரில் பொங்கல் வைத்தார்களாம். நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, அடுத்த மார்கழிக்கு நீங்களும் அண்ணியும் இங்க வந்து ஒரு மாசம் இருக்கணும். சாக்கு சொல்லக் கூடாது. இருங்க, அவங்களும் கூப்பிடணும்" என்று போனைக் கைமாற்றினாள். மாப்பிள்ளை பேசினார்: "அவசியம் வாங்க மச்சான். உங்களுக்குன்னு ஒரு ரூமு இருக்கு."

புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து, ஒரு குறையும் வைக்காமல் அழைத்தார்கள். வருகிறேன் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அடுப்படியிலிருந்து ஞானாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சொன்னா?"

"கூப்பிட்டா" என்றேன்.