மேற்கு வாசலும் ஒரு ஜோடி கையுறையும்

1660 செப்டம்பர் 14, கோபன்ஹேகன்

மழை. தோல் காயவில்லை.

காலையில் ஈவர் பிரபு கடைக்கு வந்தார். புதுக் கையுறை வேண்டுமாம். அவர் கையை வரைந்த தாள் இருபது வருடமாக என் சுவரில் தொங்குகிறது. எடுத்து அவர் கையோடு வைத்துப் பார்த்தேன். வலது சுண்டுவிரலில் பாதி இல்லை. போன வருடம் பிப்ரவரியில் ஸ்வீடன்காரர்கள் மதில் ஏறிய அன்று போனது. தாளிலும் அந்த விரலைக் குறைத்து வரைந்தேன்.

முன்பெல்லாம் புறங்கையில் இரும்புத் தகடு வைத்துத் தைக்கச் சொல்வார். இன்று என் பெயர் சொல்லி, "வில்லும், தகடு வேணாம். குதிரையே இல்ல, வாளை எங்க போய் வீசறது?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நல்ல மனிதர். மாலையில் கையுறைக்காரர் சங்கத்தில் பிரபுக்களை எல்லோரும் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

செப்டம்பர் 27

அரசர் சபையைக் கூட்டி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பிரபுக்கள், பாதிரிமார், நகரத்தார், மூன்று தரப்பும். கஜானா காலி. கூலிப்படைக்குச் சம்பளம் தர வேண்டும், இடிந்த மதிலைக் கட்ட வேண்டும், பீரங்கி வார்க்க வேண்டும். பிரபுக்கள் மட்டும் வரி கட்ட மாட்டார்களாம். போர் வந்தால் குதிரை ஏறி வருவோம், அதற்காகத்தான் எங்களுக்கு வரி இல்லை என்கிறார்கள். அது தாத்தா காலத்து ஏற்பாடு.

பக்கத்து வீட்டு மோகென்ஸ் பீர் காய்ச்சுகிறவன், வாய் சும்மா இருக்காது. "குதிரை எங்கடா வந்துச்சு? ஸ்வீடன்காரன் முற்றுகை பூரா லாயத்துல வைக்கோல் தின்னுச்சு. அப்புறம் அதை நாம தின்னோம். மதில்மேல பீரங்கியைத் தள்ளுனது யாரு? நீயும் நானும்."

உண்மைதான். ஆனால் அதே பீரங்கிச் சக்கரத்தில் என் தோளுக்குப் பக்கத்தில் ஈவர் பிரபுவின் தோளும் இருந்ததே. சொன்னேன். "அவரு ஒருத்தர்தானே" என்றான். எனக்குத் தெரிந்து மூன்று பேர். அதைச் சொல்லவில்லை.

மோகென்ஸிடம் யோசனை இருக்கிறது. ஒவ்வொரு அரசர் பட்டத்துக்கு வரும்போதும் பிரபுக்கள்தான் நிபந்தனை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அரச பதவி பரம்பரைச் சொத்தாகிவிட்டால் நிபந்தனை எழுத ஆளே இல்லை. "ராஜா கையைக் கட்டி வெச்சிருக்காங்க. அவுத்துவிட்டா அவங்ககிட்டயும் வரி வாங்குவாரு."

என் மனைவி சிட்செல் கஞ்சி கிளறிக்கொண்டே கேட்டாள்: "அவுத்துவிட்ட கை நம்ம பக்கம் வராதா?"

"நாம காப்பாத்தின ராஜா, நம்மகிட்ட ஏன் வரப்போறாரு?" என்றான் மோகென்ஸ்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் படுகிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

அக்டோபர் 11

நகர வாசல்களை மூட உத்தரவு. கரையிலிருந்த படகுகளையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். பாதிரிமாரும் நகரத்தாரும் கேட்டபடி அரச பதவியைப் பரம்பரையாக்கப் பிரபுக்கள் ஒப்புக்கொள்ளும் வரை அவர்களில் ஒருவரும் வெளியே போகக் கூடாது. நகரத்தார் படையில் எங்கள் அணிக்கு மேற்கு வாசல். துணைத்தலைவன் நான், சாவி என் இடுப்பில். பெருமையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

ரோஸ்கில்டெயிலிருந்து மகள் போடில் கடிதம். பிப்ரவரியில் பேறுகாலம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை அம்மா கண்டிப்பாகப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

அக்டோபர் 12

ஈவர் பிரபு காலையிலேயே வாசலுக்கு வந்தார். நடந்து வந்தார்.

"வில்லும், என் வீட்டுக்காரி மார்கிரெதெக்குக் காய்ச்சல். நினைவு தப்பிக் கெடக்கறாளாம். இப்பக் கெளம்பினா சாயங்காலத்துக்குள்ள ஊரு போயிருவேன்."

"உத்தரவு, பிரபு."

"யாரு உத்தரவு?"

அரசருடையது என்றேன். நகரத் தலைவர் ஆள் அனுப்பித்தான் சொன்னார். அரசர் சொன்னாரா? நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டே போறேன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

அதற்கு என்னிடம் தாளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அப்படித்தான் சொன்னேன். சாவி இருந்ததே — இருந்தது. அவர் கண் அதன் மேல்தான் இருந்தது.

மத்தியானம் வரை வாசல் கல்லில் மழையில் உட்கார்ந்திருந்தார். நான் தைத்த கையுறை நனைந்து கறுத்துவிட்டது. பிறகு எழுந்து போனார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 14

பிரபுக்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அரச பதவி இனிப் பரம்பரை. வாசலைத் திறந்தேன். ஈவர் பிரபுதான் முதலில் போனார். என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 18

அரண்மனைக்கு முன் விசுவாசப் பிரமாணம். எங்கள் அணிகள் வரிசையாக நின்றன. வாழ்க வாழ்க என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

திரும்பும் வழியில் மோகென்ஸ் சொன்னான், மார்கிரெதெ அம்மாள் பன்னிரண்டாம் தேதி சாயங்காலமே இறந்துவிட்டாராம். "போயிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாங்களா? விடுடா."

பிழைத்திருக்க மாட்டார். ஆனால் போயிருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பார் இல்லையா.

நாம் ஜெயித்தோம். எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஜெயித்தோம் என்றுதான் இருக்கிறது.

நவம்பர் 20

ஜெர்மன் கர்னல் ஒருவர் கடைக்கு வந்தார். படைக்கு நானூறு ஜோடி கையுறை. சிறிது, நடுத்தரம், பெரிது — மூன்றே அளவு. அளவெடுக்க ஆட்களை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டேன். "யாரோட கையா இருந்தா என்ன? ஒரே மாதிரி நிப்பான், ஒரே மாதிரி சுடுவான்" என்றார்.

போர் முடிந்தால் படை கலையும், இதுவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இது கலையாதாம். கலைத்துவிட்டால் ஸ்வீடன்காரன் மறுபடி வருவானாம். அதுவும் சரிதான். ஆனால் அதற்கு மாதாமாதம் வரி, எங்களுக்கும். மோகென்ஸிடம் சொன்னேன், எழுந்து பீப்பாய்க்கு மூடி அடிக்கப் போய்விட்டான்.

டிசம்பர் 9

சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். இனி வாசலில் சம்பளப் படை நிற்குமாம். "நீங்க தொழிலைப் பாருங்க. நல்லா ஓய்வெடுங்க" என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

1661 ஜனவரி 17

இன்று அரண்மனையிலிருந்து ஒரு பத்திரம் சங்கத்துக்கு வந்தது. சங்கப் பெரியவர்களில் நானும் ஒருவன், கையெழுத்துப் போட வேண்டும். சட்டம், வரி, படை, அத்தனையும் அரசர் ஒருவரிடமே என்று இருந்தது. அக்டோபரில் நாங்கள் பேசியது இவ்வளவா? பரம்பரை என்றுதானே பேசினோம். எங்கே எப்போது இது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது?

எழுத்தரிடம் கேட்டேன்: "அடுத்த சபை எப்போங்க?"

"ராஜா கூப்பிடும்போது."

"கூப்பிடலேன்னா?"

"பின்னால ஆள் நிக்கறாங்க, கையெழுத்தைப் போடுங்க."

போட்டேன். ஏன் போட்டேன்? கர்னலின் நானூறு ஜோடிக்காகவா? பயமா? எல்லோரும் போட்டார்கள். மை காய்வதற்குள் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 8

போடிலுக்கு முன்னதாகவே வலி கண்டுவிட்டதாக ரோஸ்கில்டெ வண்டிக்காரர் வந்து சொன்னார். சிட்செலை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்குப் போனால் காவலாள் கையை நீட்டினான். அனுமதிச் சீட்டு வேண்டுமாம். படையாட்கள் ஓடிப்போகிறார்கள், அதனால் யாராக இருந்தாலும் சீட்டில்லாமல் வெளியே விடுவதில்லை என்று வண்டிக்காரர் சொன்னார்.

"நான் இந்த வாசலைக் காத்தவன்பா" என்றேன். ஜெர்மன்காரன், அவனுக்கு என் பாஷை புரியவில்லை. நடுத்தர அளவுக் கையுறை போட்டிருந்தான், பெருவிரலில் என் தையல்.

சீட்டு கொடுக்கும் இடம் பூட்டிக் கிடந்தது. நாளைக்கு வரச் சொன்னார்கள். சிட்செல் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சித்தான் இறக்கினேன். "ரெண்டு தடவை நான் அவ கூட இல்ல. இதுவும் போச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்றாள். கேட்கட்டும்.

பிப்ரவரி 9

சீட்டு மேஜையில் ஈவர் பிரபு.

அரசர் படையின் கோட்டு போட்டிருந்தார். போரில் அவர் ஊர் எரிந்து நிலமெல்லாம் கரியாகிவிட்டது, சம்பளத்துக்கு வந்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. இனி அவர் கேப்டன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. சிட்செல் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"யாருக்கு?"

"மகளுக்குப் பிரசவ வலி, பிரபு. முதல் ரெண்டும் தங்கல."

"கர்னல் முத்திரை இல்லாம நான் விடக் கூடாது. அவர் வர மூணு நாள் ஆகும். உத்தரவு."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல எனக்கு யோக்கியதை?

சீட்டை எடுத்தார், எழுதினார். தன் சொந்த மோதிர முத்திரையை எடுத்து வைத்து அழுத்தினார். குளிருக்குக் கையுறையோடுதான் எழுதினார். படைக்குத் தைத்த நடுத்தர அளவு. சுண்டுவிரலில் பாதி காலியாகத் தொங்கியது.

"பிரபு, உத்தரவுன்னு சொன்னீங்களே—"

"சொன்னேன். வண்டியை எடு. பொழுது போயிட்டிருக்கு."

மன்னித்துவிடுங்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வாய் எங்கே போயிற்று எனக்கு?

பிப்ரவரி 10, ரோஸ்கில்டெ

பெண் குழந்தை. நாங்கள் உள்ளே நுழைந்து ஒரு மணி நேரத்தில் பிறந்தது. அழுகிறது, பால் குடிக்கிறது. போடில் அவள் அம்மாவின் கையை விடவே இல்லை. நான் வெளியே போய் மாட்டுக் கொட்டிலில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 26

ஈவர் பிரபுவின் தாளை எடுத்து அவர் கைக்கு ஒரு ஜோடி வெட்டினேன். மான்தோல். வலது சுண்டுவிரல் பாதி.

மார்ச் 5

கையுறையை எடுத்துக்கொண்டு போனேன். மேஜையில் வேறு ஆள். உத்தரவை மீறியதற்காக ஈவர் கேப்டனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், வடக்கே ஏதோ கோட்டையில். கோட்டையின் பெயர் சொல்ல மறுத்துவிட்டார்.

அவருக்காக யாரிடம் பேசுவது? நகரத் தலைவரிடம் போனேன், படை விஷயம் எங்கள் கையில் இல்லை என்றார். மோகென்ஸிடம் கேட்டேன். "சபையில எழுப்பலாம்" என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொண்டான். அரசருக்கு மனு எழுதினேன். அரண்மனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கூடை நிறைய இருந்தது.

மார்ச் 19

பதில் இல்லை. மான்தோல் ஜோடி சுவரில் அவர் தாளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

கர்னலின் ஆள் வந்தார். இன்னும் அறுநூறு ஜோடி வேண்டுமாம், அதே மூன்று அளவு. ஈவர் பிரபுவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

சரி, தைத்துத் தருகிறேன் என்றேன்.