சீர்த்தட்டில் வந்த ஹார்ட் டிஸ்க்

சம்பந்தி,

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கேபிள் சொருகுகிற இடத்துக்குள் குங்குமம் போயிருக்கிறது. இன்று காலை பீரோவிலிருந்து மறுபடி எடுத்தபோதுதான் கவனித்தேன். பல் குத்தும் குச்சியை வைத்து மெல்லச் சுரண்டினேன். உறையை மூக்கருகே கொண்டுபோனால் வெற்றிலையும் வாழைப்பழமும் இன்னும் மணக்கின்றன. கம்ப்யூட்டர் சாமானில் இந்த வாசனை வேறு எவர் வீட்டிலும் இருக்காது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சீர்த்தட்டில் போய்வந்த சாமான் இது.

கல்யாணம் முடிந்து என் மகளும் உங்கள் மகனும் கனடா போன பிறகு வந்த முதல் தீபாவளி உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்குச் சீர் எதற்கு என்று நீங்கள் போனிலேயே சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. ரயில்வே ஆபீஸில் விதிப்புத்தகத்தைப் புரட்டியே தலை நரைத்தவன். பெண்ணைக் கொடுத்தவன் சீர் கொண்டுபோவது முறை என்றால் முறைதான். பழம், இனிப்பு, வேட்டி புடவை எல்லாம் தட்டில் அடுக்கி, ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் ஆற்றைத் தாண்டி, டவுனைத் தாண்டி, கைலாசபுரம் வந்து சேர்ந்தோம். நீங்கள் பாய்லர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றும் அங்கே இருந்த தொழிற்சாலை டவுன்ஷிப்பை விட்டுப் போக மனமில்லாமல் அதன் மதிலுக்கு அந்தப் பக்கமே வீடு கட்டியிருந்தீர்கள்.

பெண்கள் இருவரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். நாம் இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அப்போதுதான் கேட்டீர்கள், "கல்யாண போட்டோ எல்லாம் எதுல சம்பந்தி வச்சிருக்கீங்க?"

"வீட்டு கம்ப்யூட்டர்லதான்."

"பேக்கப்?"

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது."

நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள். சாப்பிட இலை போட்டாகிவிட்டது என்று சம்பந்தியம்மா இரண்டு முறை வந்து சொன்னார்கள். நீங்கள் நகரவில்லை. அன்று உங்களிடம் கேட்ட பாடம் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"உங்க விண்டோஸ்லயே ஒரு ஏற்பாடு இருக்கு. ஆனா அது சில ஃபோல்டரத்தான் எடுக்கும். நீங்க போட்டோவ டி டிரைவ்ல வச்சிருக்கீங்க. நீங்களா சேத்து விட்டாத்தான் அது அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும். பசங்களோட மேக்ல தொல்லையே இல்ல. டிஸ்க்க சொருகிட்டா மணிக்கு ஒரு தடவ தானா எடுத்துக்கும், போன மாசம் எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்பிக் காட்டும். ஆனா அந்த டிஸ்க்கக் கொண்டாந்து உங்க மெஷின்ல போட்டா முழிக்கும். என் லினக்ஸ்ல நானே ரெண்டு வரி எழுதி விட்டிருக்கேன். தெனம் காலைல தானா ஓடும். வேணுங்கறத எடுக்கும், வேணாங்கறத விடும். என்ன ஒண்ணு, நான் இல்லாட்டி அது என்னன்னு இந்த வீட்ல யாருக்கும் தெரியாது."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைக்கச் சொல்கிறாரே என்றேன். நல்லதுதான் என்றீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது என்றும் சொன்னீர்கள். "அதுல சிலது, இங்க தெரியாம அழிச்சோம்னா அங்கயும் அழிச்சிடும். அது பேக்கப் இல்ல சம்பந்தி, கண்ணாடி. நீங்க நகந்தா அதுவும் நகரும்." நான் தலையாட்டினேன். புரிந்ததோ இல்லையோ, உங்கள் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மூன்று இயந்திரங்களும் படிக்கிற மாதிரி ஒரு ஃபார்மட் இருக்கிறது என்று சொல்லி, அப்படியே டிஸ்க்குகளைத் தயார் செய்தீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு. ஒன்று கம்ப்யூட்டரோடு இருக்கும். இன்னொன்று சம்பந்தி வீட்டுப் பீரோவில் இருக்கும். "ஒரு நகல் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும் சம்பந்தி. காவேரியும் கொள்ளிடமும் ஒண்ணா ஏறுச்சுன்னா உங்க தீவுக்கு ஆபத்து. அன்னைக்கு எங்க வீட்டுல பத்திரமா இருக்கும். எங்களுக்கு ஒண்ணுன்னா உங்க வீட்டுல இருக்கும்." தொழிற்சாலையில் எதற்கும் ஒரு மாற்று இயந்திரம் தயாராக வைத்திருந்தவர் நீங்கள். அந்தப் பழக்கம் விடவில்லை.

எப்போது மாற்றிக்கொள்வது என்ற கேள்வி வந்தது. மாதம் ஒருமுறை நீங்களே பஸ் ஏறி வருவதாகச் சொன்னீர்கள். சம்பந்தி வீட்டுக்குக் காரணமில்லாமல் அடிக்கடி போய்வருவது நன்றாக இருக்காது என்று நான்தான் தடுத்தேன். அதனால் தீபாவளி, பொங்கல், ஆடி என்று முடிவானது. என் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் எங்கள் டிஸ்க்கு வரும். வெறுந்தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்பதால் அதுவரை சேர்ந்ததெல்லாம் ஏற்றிய உங்கள் டிஸ்க்கை அதில் வைத்துத் தருவீர்கள்; பழையது அவரவரிடம் திரும்பும். தட்டில் வந்த எதற்கும் குங்குமம் வைக்காமல் சம்பந்தியம்மா உள்ளே எடுத்துப்போக மாட்டார்கள். "மெஷினுக்குள்ள போயிடும்டி" என்று நீங்கள் கெஞ்சுவீர்கள். "போனா மகாலட்சுமி" என்பார்கள். என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. நமக்கோ அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. மின்விசிறியை யாரும் பார்க்கவில்லை. என் சொந்த அண்ணனோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

அந்த அண்ணன்தான் போன கார்த்திகையில் போனார். நீங்கள் ஸ்ரீரங்கம் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, துக்க வீட்டில் செய்வது போல, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனீர்கள். துக்கத்துக்கு வந்த கையில் டிஸ்க்கைக் கொண்டுவர உங்களுக்கே கூசியிருக்கும். அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. பண்டிகை இல்லையென்றால் சீர் இல்லை. சீர் இல்லையென்றால் தட்டு இல்லை. பொங்கல் போயிற்று, ஆடியும் போயிற்று. அதற்கு முந்தின தீபாவளியில் வந்த உங்கள் டிஸ்க்கு என் பீரோவில் அப்படியே கிடந்தது.

ஆவணியில் போன் செய்தீர்கள். குரலில் சின்னப் பையனுக்கு வருகிற குஷி இருந்தது. கனடாவில் பிறந்து வளர்கிற நம் பேத்தியோடு போனில் பேசினால் 'சாப்பிட்டியா', 'ஸ்கூல் போனியா' என்பதற்கு மேல் தமிழ் ஓடவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர், அவளுக்காகக் கதைகள் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தீர்கள். வருஷ ஆரம்பத்திலிருந்தே நடக்கிறதாம். யாருக்கும் அனுப்பவில்லை, அவள் லீவுக்கு வரும்போது மொத்தமாகக் கையில் கொடுக்க வேண்டும் என்றீர்கள். குக்கர் சத்தம் விழுந்துவிடும் என்று சம்பந்தியம்மாவையே அறைக்குள் விடுவதில்லையாம். "ஒண்ணே ஒண்ணு போடறேன், சத்தம் சரியா விழுதான்னு மட்டும் சொல்லுங்க" என்று கம்ப்யூட்டர் பக்கத்தில் போனை வைத்தீர்கள்.

"பாப்பா, ஒரு நாள் தாத்தா ஒரு பெரிய வண்டி கூடப் போனேன். அதுக்கு எத்தன சக்கரம்னு எண்ணி முடிக்கறதுக்குள்ள உனக்குத் தூக்கம் வந்துடும். அது மேல எங்க தொழிற்சாலையில செஞ்ச பாய்லர் டிரம் ஒண்ணு இருக்கு, நம்ம வீட்ட விடப் பெருசு. வண்டி மெதுவ்வ்வா போகுது. பஸ்ஸெல்லாம் ஒதுங்கி நிக்குது, போலீஸ்கார மாமாவே ஒதுங்கி நிக்கறாரு. வையம்பட்டி தாண்டி ஒரு எடத்துல, ரோட்டுக்கு நட்ட நடுவுல ஒரு நாய் படுத்துத் தூங்கிட்டிருக்கு. ஹாரன் அடிச்சோம், எந்திரிக்கல. அவ்ளோ பெரிய வண்டி, அந்த நாய்க்காக நின்னுடுச்சு. டிரைவர் தாத்தாவப் பாத்து, சார், நீங்க போயி சொல்லுங்கன்னாரு. தாத்தா எறங்கிப் போனேன்..."

அந்த நேரம் பார்த்து, அண்ணன் போனது தாமதமாகத் தெரிந்து, வாசலில் துக்கம் விசாரிக்க யாரோ வந்தார்கள். நல்லா விழுது சம்பந்தி, அப்புறம் கேக்கறேன் என்றேன். வைக்கப் போகும்போது அவசரமாகச் சொன்னீர்கள், "இதெல்லாம் ஒரே எடத்துல கெடக்கு சம்பந்தி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. சீர் கெடக்கட்டும், நான் சும்மா ஒரு நட டிஸ்க்க எடுத்துட்டு வரட்டா?"

"இருக்கட்டும் சம்பந்தி. கார்த்திகையில வருஷம் முடிஞ்சிடும். பொங்கலுக்கு முறையா நானே வரேன்."

"சரிங்க" என்றீர்கள். அந்தச் சரிங்கவில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. காதில் விழத்தான் விழுந்தது. ஆனாலும் போனை வைத்துவிட்டேன்.

புரட்டாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். பிள்ளைகள் வந்து, காரியங்கள் முடிந்து, திரும்பிப் போனார்கள். சம்பந்தியம்மா உங்கள் கம்ப்யூட்டரை அணைக்க யாரையும் விடவில்லை. "அவரு போட்டு விட்டுட்டுப் போனது, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார்கள். தினமும் காலையில் உங்கள் இரண்டு வரி தானாக எழுந்து, எதுவும் மாறாத ஃபோல்டர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கும். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பக்கத்தில் இடி விழுந்தது. கம்ப்யூட்டரும் அதில் சொருகியிருந்த டிஸ்க்கும் கருகிப் போயின. ஒன்றும் தேறாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

சம்பந்தியம்மா பதறவே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. எனக்குப் போன் போட்டு, "அதான் உங்க வீட்டுல ஒண்ணு இருக்குல்லண்ணே. அத ஒரு நாள் போட்டுக் காட்டுங்க. உள்ள அவரு பேசுறது சொவத்துக்கு இந்தப் பக்கம் முணுமுணுன்னு கேக்கும், ஒரு வார்த்தகூடப் புரியாது. என்னதான் பேசுனாருன்னு கேக்கணும்" என்றார்கள்.

அதில் அந்தக் கதைகள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் டிஸ்க்கை எடுத்து என் கம்ப்யூட்டரில் சொருகினேன். நீங்கள் செய்து வைத்தபடியே உடனே திறந்தது. எல்லாம் வரிசையாக இருந்தது. கல்யாணம், பேத்தி தவழ்ந்தது, நடந்தது, நீங்களும் உங்கள் சகாக்களும் ஹெல்மெட்டோடு நிற்கும் படம். எல்லாம் அந்தத் தீபாவளியோடு நின்றிருந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எது எங்கே கைவிடும் என்பதையெல்லாம் யோசித்து யோசித்து வழி செய்தீர்கள். உங்கள் சம்பந்தி கைவிடுவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பாலத்தைத் தாண்ட ஒரு பஸ் போதும். முறை பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது சம்பந்தி.

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். சம்பந்தியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பண்டிக இல்லாத வருஷம், நீங்க எப்பிடிண்ணே வருவீங்க" என்றார்கள். எனக்காக என் நியாயத்தையே அவர்கள் எடுத்துச் சொன்னதைக் கேட்டபோது, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் பண்டிகை இல்லை. சீரும் இல்லை. ஆனாலும் நினைத்தால் பஸ் ஏறி வெறுங்கையோடு போய்விடுகிறேன். அப்படி முதல் முறை போனபோது, தயங்கித் தயங்கி, நான் ஒரு கதை கேட்டிருக்கிறேன் என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். 'மெதுவ்வ்வா' என்று நீங்கள் இழுத்த இடத்தில் இழுத்தேன். எதையும் கூட்டவில்லை. நாயிடம் நீங்கள் இறங்கிப் போகிற இடத்தில் நிறுத்தினேன்.

"அப்புறம்? நாயி எந்திரிச்சிச்சா?"

"தெரியலைங்க. அதுவரைக்கும்தான் கேட்டேன்."

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்கள்.

"பரவால்லண்ணே. மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க."