வளைந்த கழுத்துக் கூழைக்கடா

மோந்தெஸ்பீனோ
7 மே 1961, ஞாயிறு இரவு

அன்புள்ள நாசரேனோ அண்ணா,

நலமா? இங்கே எல்லோரும் நலம். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் திரியை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. பதிலை ரொட்டிக்கடை ஆர்ஜியா அக்கா பெயருக்கு அனுப்பு என்று அப்போதே எழுதியிருந்தேன். நீ சொல்லாமல் வடக்கே தூரின் நகரத்துக்கு ரயில் ஏறியதிலிருந்து உன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்.

ஜூன் முதல் தேதி நற்கருணைத் திருநாள். ஊர்வலம் போகும் பாதையில் எல்லாத் தெருவுக்கும் தரையில் இதழ் பரப்பிப் போடும் பூக்கம்பளத்துக்குப் படம் தயார், நம் கிணற்றுத் தெருவுக்கு மட்டும் இல்லை. ஐந்து வருடமாக நீதான் வரைந்தாய். மேல்தெருப் பையன்கள் பள்ளி வாசலில் நின்று, "இந்த வருஷம் பூவா போடப் போறீங்க, வைக்கோலா?" என்று கேட்கிறார்கள். தெருத் தலைவர் ஒலிந்தோ மாமாவின் முடிவெட்டும் கடைக்குப் போய், நான் வரைகிறேன் என்று சொன்னேன்.

"நீ இதழ் பிச்சுப் போடு கண்ணு. அதுக்குத்தான் பொட்டப் புள்ளைங்களுக்கு விரல் சின்னதா இருக்கு" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர்கூட.

ஒரே ஒரு படம் அனுப்பு அண்ணா.

உன் தங்கை
இல்தா


தூரின்
19 மே 1961

அன்புத் தங்கச்சிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. ஒரே கட்டிலில் பகலில் ஒருவன் தூங்குகிறான், இரவில் நான். வேலை முடிந்து வரும்போது பென்சில் பிடிக்க விரல் மடங்குவதில்லை. வேறு அறை தேடினால், 'தெற்கத்தியருக்கு இடமில்லை' என்று கதவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் தெற்கே இல்லை என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

படம் முடியாது. ஒலிந்தோ மாமாவை வேறு ஆள் பார்க்கச் சொல். அப்பாவிடம் மாட்டிக்கொள்ளாதே.

அண்ணன்
நாசரேனோ


மோந்தெஸ்பீனோ
3 ஜூன் 1961, சனி இரவு

அன்புள்ள அண்ணா,

நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே ஆர்ஜியா அக்காவிடம் காகித மாவுப்பை ஒன்றை வாங்கிக் கிழித்து, உட்புறத்தில் நானே வரைந்தேன். இயேசுவுக்கு அடையாளமாகச் சொல்வார்களே, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா, அது. நீ அனுப்பியது என்று ஒலிந்தோ மாமாவிடம் கொடுத்தேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் படத்துக்கு முத்தம் கொடுத்தார்.

ஆண்கள் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். நான் நிலவறையில் மற்றப் பெண்களோடு இதழ் பிய்த்தேன். இரத்தத்துக்கான பாப்பிப் பூக்களை முதல் நாளே பறித்தால் காலைக்குள் கறுத்துவிடும் என்று மூன்று முறை சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணன் எழுதியிருக்கான்" என்றேன். உடனே ஒப்புக்கொண்டு, விடிவதற்கு முன் பதினொரு பேர் கூடையோடு மலைச்சரிவுக்கு ஓடினார்கள்.

ஊர்வலம் நம் தெருவில் வந்து நின்றுவிட்டது. அந்தப் படத்தின் மேல் கால் வைக்கப் பாதிரியாருக்கே தயக்கம். மேல்தெருக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒலிந்தோ மாமாவால் தாங்க முடியவில்லை. நாசரேனோ அனுப்பிய படம் என்று கத்திவிட்டார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தப் பறவையின் கழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வாத்து. கதவிடுக்குல மாட்டி வளைஞ்ச கழுத்து. அந்த ஊர்ல கெடந்தும் மறக்கல பாரு, என் புள்ள" என்றார்.

அண்ணா, கூழைக்கடாவை நான் எங்கே பார்த்தேன்? தினமும் நான் தீனி போடுவது வாத்துக்குத்தான். கைக்குத் தெரிந்த கழுத்து அது ஒன்றுதான். பக்கத்தில்தான் நின்றேன், விரல் நகமெல்லாம் பாப்பிச் சாயத்தோடு. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உன் முகவரியை ஆர்ஜியா அக்காவிடம் அப்பா வாங்கியிருக்கிறார். நான் சொன்னால் பொய்க்கும் சேர்த்து அடி விழும். நீ சொன்னால் விழாது. நீயே அவருக்கு உண்மையை எழுது. சீக்கிரம் எழுது.

இல்தா


தூரின்
21 ஜூன் 1961

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் கடிதம். மொத்தம் நாலு வரி. அதில் மூன்று அந்த வாத்தைப் பற்றி. நாலாவது வரி, வீட்டுக்கு வா. கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அது என் வாத்து இல்லை என்று அவருக்கு எப்படி எழுதுவேன்? நீயே சொல்.

ஆகஸ்டில் வருகிறேன். இப்போதைக்கு இது இப்படியே இருக்கட்டும். அடுத்த வருடம் ஒரு இறக்கையை நீ வரையலாம், ஒலிந்தோ மாமாவிடம் நான் பேசுகிறேன்.

அண்ணன்
நாசரேனோ


மோந்தெஸ்பீனோ
4 ஜூலை 1961, இரவு

அண்ணா,

ஒரு இறக்கையா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான் காரணம், உன் மேல் உள்ள அன்பு என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா அந்த மாவுப்பைப் படத்தை வாங்கி வந்து, சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். கீழே பென்சிலால் உன் பெயரை எழுதியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். நான் காப்பி கொண்டுபோய் வைக்கிறேன். கதிரடிப்பு விருந்துக்கு அறுப்பதாக இருந்த வாத்தை இப்போது யாரும் தொடக்கூடாதாம், நீ வந்து பார்க்க வேண்டுமாம். வாத்துக்குக்கூட ஏதோ கிடைத்துவிட்டது.

ஆகஸ்டில் வா. உன் கட்டிலுக்கு அம்மா புது விரிப்பு தைத்துவிட்டாள். அந்த ஊரில் நீ படும் பாடு எனக்குப் புரிகிறது. அதனால்தான் உன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இனி நான் எழுதப்போவதில்லை. மெழுகுவர்த்தியும் தீர்ந்துவிட்டது, அடுப்பு வெளிச்சத்தில் இதை முடிக்கிறேன். சற்று முன் முக்காலியில் ஏறி அந்தப் படத்தை இறக்கினேன். ஆணி கிறீச்சிட்டபோது உயிரே போய்விட்டது, ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. படத்தின் பின்பக்கத்தில் என் பெயரையும், நான் வரைந்து முடித்த தேதியையும் மையால் எழுதினேன். மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.

அப்பா அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார். அம்மாவுக்கு உயரம் எட்டாது. நீ உயரமானவன்.

இல்தா